லைட்டு அணைக்கிற அண்ணன்

பக்கத்து குவார்ட்டர்ஸ காலி பண்ணிகினு அந்த அண்ணன் கோவில்பட்டிப் பக்கம் போயி வருஷம் ஆவுது. இப்ப அங்க இருக்கிறது நல்ல குடும்பந்தான், கொற சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா பட்டப்பகல்ல வாசல் லைட்டு எரியும். நான் துணி காயப் போடப் போறப்பல்லாம் பாக்கறேன், கை பரபரங்குது. எட்டிப் போயி அணைச்சிட்டு வந்துடலாமான்னு தோணும். எனக்கு இந்த வியாதிய ஒட்ட வெச்சிட்டுப் போனவரு அவருதான்.

அவரு பேர நான் சொல்லப் போறதில்ல. சொன்னாலும் எங்க லைன்ல பாதிப் பேருக்குத் தெரியாது. மூஞ்சிக்கு நேரா 'அண்ணே', முதுகுக்குப் பின்னால 'லைட்டு அண்ணன்'. அது அவருக்கும் தெரியும். மீசைக்குள்ளயே சிரிச்சிக்குவாரு.

எங்க வூட்டுக்காரருக்கு நிலக்கரி மைன்ஸ்ல வேலை பர்மனென்ட் ஆயி, குவார்ட்டர்ஸ் குடுத்து, பால் காய்ச்சின அன்னிக்கே அவர நல்லாத் தெரிஞ்சிகினேன். முன்ன பின்ன தெரியாத எங்களுக்காக பண்ருட்டியில இருந்து ஒரு முழுப் பலாப்பழத்த ஸ்கூட்டர்ல வெச்சி எடுத்துகினு வந்தாரு மனுஷன். நான் அந்த நேரம் பாத்ரூம்ல மூஞ்சி கழுவிகினு இருக்கேன். கண்ணெல்லாம் சோப்பு. டப்புனு இருட்டாயிடுச்சு.

"ஐயோ, யாருங்க அது? உள்ள ஆளு இருக்கேன்!"

"ஆளு இருக்கா? அப்ப எரியட்டும்மா, எரியட்டும்."

மறுபடி டப்பு. வெளிச்சம் வந்துடுச்சு. வெளிய வந்து பாத்தா, ஒசரமா, ஒல்லியா, வெள்ள மீச வெச்ச ஒருத்தரு கத்தியில எண்ண தடவிகினு பழத்துக்கு முன்னால ஒக்காந்திருக்காரு. "சத்தமே இல்லையா, சும்மா எரியுதுன்னு நெனச்சிட்டேன்"னு வேற சொல்றாரு. புது வூட்ல முதல் சண்டயப் போடறதா, சொளய வாங்கித் திங்கறதான்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன். சொள ஜெயிச்சிடுச்சு.

கஞ்சன்னு யாரும் நெனச்சிடாதீங்க. கை நீட்டி கேட்டா இல்லைன்னு சொல்லத் தெரியாது அவருக்கு. எங்க வூட்டுக்காரரு ரெண்டு மாசம் அவரு ஸ்கூட்டரத்தான் ஓட்டிகினு இருந்தாரு. விஷயம் வேற. அவருக்கு மைன்ஸ்ல, கரி ஏத்தி வர கன்வேயர் பெல்ட்டு பக்கம் வேலை. "சும்மாவா வருது கரண்ட்டு? மலை மலையா மண்ண ஒதுக்கி, ஊத்துத் தண்ணிய எறச்சு எறச்சு வெளிய விட்டு, அதுக்கு அடியில இருந்துலாம்மா கரிய எடுக்கோம். ஆளு இருக்கிற எடத்துல எரிஞ்சா சந்தோசம். ஆளு இல்லாத எடத்துல எரிஞ்சா வயிறு எரியுது" ம்பாரு. அவரு வயிறு எரியாத நாளே கெடயாது. நைட் ஷிப்ட் முடிஞ்சி விடிஞ்சப்புறம் வரப்ப, எங்க லைன்ல இருக்கிற வாசல் லைட்டயெல்லாம் ஒண்ணு விடாம கேட்டத் தொறந்து, படியேறி, அணைச்சிகினே வருவாரு. எங்க வூட்டுக்காரரு ஒரு வாரம் பல்பு பல்பா மாத்திப் பாத்துட்டு, வயரிங்ல கோளாறுன்னு ஆள வேற கூட்டியாந்துட்டாரு.

ஒரு ரிசப்ஷன்ல நடந்தத இன்னிக்கு நெனச்சாலும் வயிறு வலிக்கும். எங்க பிளாக்குல ஒருத்தரு வூட்டுப் பையனுக்குக் கல்யாணம். மண்டபத்துல மேடைக்குப் பின்னால சீரியல் பல்பால மயிலு செஞ்சி எரிய வுட்டிருந்தாங்க. பொண்ணும் மாப்பிள்ளையும் இன்னும் வரல. இவரு போயி பாத்திருக்காரு, மேடையில ஒரு ஈ காக்கா இல்ல, மயிலு மட்டும் ஜொலிக்குது. சுவிட்ச் எங்கன்னு தேடிப் புடிச்சி அணைச்சிட்டு, நிம்மதியா சாப்பிடப் போயிட்டாரு. மயிலு அவிஞ்சதப் பாத்த எலெக்ட்ரீஷியன் பதறிப் போயி, மொத்த வயரையும் அவுத்துப் போட்டு எங்க விட்டுப் போச்சின்னு தேடறான். மாலையும் கழுத்துமா பொண்ணும் மாப்பிள்ளையும் வாசல்ல நிக்கிறாங்க. இவரு பந்தியில ஒக்காந்துகினு, "என்ன இன்னும் ஆரம்பிக்கல?"ங்கிறாரு.

அவரு சம்சாரம், எங்க அண்ணி, பாவம். "இவரு கூட வாழ்ந்து எனக்கு இருட்டுலயே காய் நறுக்க வந்துட்டு"ன்னு சொல்லிச் சிரிப்பாங்க. அண்ணி எதுக்கும் அசையாத பொம்பள. ஒரே ஒரு பயந்தான், பல்லி. சொவத்துல பல்லியப் பாத்தா அந்த ரூமுக்கே அன்னிக்கு லீவு வுட்டுடுவாங்க.

அப்பேர்ப்பட்ட வூட்டுக்குத்தான் ஒரு ஓணான் வந்துது. அதுவும் ரெண்டு லைட்டோட.

ஒரே பொண்ணு அவங்களுக்கு. பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலை. அங்க ஆசப்பட்டு ஒரு பியர்டட் டிராகன் வளத்தா. நம்ம வேலியில ஓடற ஓணான் இல்ல, ஆஸ்திரேலியா ஜாதி. முழங்கை நீளம், மணல் கலரு, தாடையில முள்ளு முள்ளா இருக்கும். கோவம் வந்தா அந்தத் தாடைய அப்படியே உப்பும். அதனால பேரு பூரி. கம்பெனியில அவள ஜெர்மனிக்கு அனுப்பறாங்க, கொஞ்ச மாசம் அப்பா வூட்ல இருக்கட்டும்னு கார்ல கொண்டாந்து எறக்கிட்டா. ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி, அதுக்குள்ள ஒரு மரக்கட்ட, மேல ரெண்டு லைட்டு. ஒண்ணு சூட்டுக்கு பல்பு, பூரி கட்டையில ஏறி அதுக்குக் கீழ குளிர் காயும். இன்னொண்ணு நீட்டு ட்யூப். அதுல வெயில்ல இருக்கிற சத்து வருமாம், நம்ம கண்ணுக்குத் தெரியாதாம்.

சாப்பாட்டுக்கு முருங்கைக்கீர, பூசணி, கூரியர்ல வர உயிரோட இருக்கிற புழு. புழுவ சும்மா போடக் கூடாது. ஒரு கவர்ல போட்டு, கால்சியம் பவுடர ஒரு சிட்டிக தூவி, சிப்ஸ் கடையில மொளகாத்தூள் போட்டுக் குலுக்குவாங்களே, அந்த மாதிரி குலுக்கித்தான் போடணும். தோட்டத்துல வெட்டுக்கிளி புடிச்சிக் குடுத்துடாதீங்க, மருந்தடிச்சிருப்பாங்கன்னு எங்கிட்ட தனியா சொன்னா. எனக்குப் பூர்வீகம் சேத்தியாத்தோப்பு, வயக்காட்டு ஓணான அடிச்சி வெளயாடின கை இது. அந்தக் கையில அவ பூரியக் குடுத்துட்டு சொன்னா, "அக்கா, அம்மா இந்த ரூமுக்குள்ளயே வர மாட்டாங்க. நீங்கதான் அப்பாவுக்குத் தொண"ன்னு.

கெளம்பறப்ப அப்பாவப் பாத்து, "எத மறந்தாலும் லைட்ட மறந்துடாதப்பா, தினம் போட்டுடு"ன்னா.

"போடுதேன்ட்டி. நீ பத்திரமாப் போயிட்டு வா."

ஒரே வாரத்துல அது அவருக்குப் புள்ளையாயிடுச்சு. ஷிப்ட் முடிஞ்சி வந்தா சட்ட கூட மாத்தாம அதத் தூக்கி நெஞ்சில போட்டுக்குவாரு. "இன்னைக்கு பெல்ட்டு ரெண்டு எடத்துல அறுந்துட்டுலே பூரி, ஒரே ரகள" ன்னு மைன்ஸ் கதயெல்லாம் அதுக்குச் சொல்லுவாரு. அதுவும் தலைய ஆட்டிகினு கேக்கும். அண்ணி வாசப்படியில நின்னுகினு, "எங்கிட்ட என்னைக்காவது இப்பிடிப் பேசியிருப்பாரா?"ம்பாங்க.

ரெண்டு மாசம் போச்சு. பூரி சாப்பாட்டக் கொறச்சிது. புழு மூஞ்சிக்கு முன்னால நெளிஞ்சாலும் சும்மா பாத்துகினே இருக்கும். அப்புறம் கட்டையில ஏறறத வுட்டுது. ஒருநாள் அத எங்கையில வாங்கறேன், அதோட வெரலெல்லாம் வெடவெடன்னு நடுங்குது. பின்னங்காலு ஒண்ணு அது பாட்டுக்கு இழுத்துகினு வருது.

"அண்ணே, இது சரியில்ல. வாங்க டாக்டருகிட்ட போவலாம்."

பாண்டியில இந்த மாதிரி பிராணிங்களப் பாக்கிற ஒரு டாக்டரம்மா இருக்காங்கன்னு கேட்டு வெச்சி, மறுநாளே பஸ் ஏறினோம். கூடையில துண்ட விரிச்சி, வெந்நி பாட்டில துணியில சுத்தி பக்கத்துல வெச்சி, பூரியப் படுக்க வெச்சி எம்மடியில வெச்சிகினேன். பக்கத்து சீட்டு அம்மா, "என்னா தங்கச்சி, கோழிக்குஞ்சா?"ன்னாங்க. ஓணான்னேன். நான் வெளயாடறேன்னு நெனச்சி சிரிச்சிகினே துண்டத் தூக்கிப் பாத்தாங்க. அப்புறம் பாண்டி வரைக்கும் அந்த சீட்டு மொத்தமும் எங்களுக்குத்தான்.

அண்ணன் மட்டும் சிரிக்கல. ஜன்னலப் பாத்துகினே சொன்னாரு, "தங்கச்சி, எம்மவ தெனமும் போன்ல மொதல்ல இதத்தான் கேக்கா. அப்புறந்தான் நான் சாப்பிட்டேனான்னு கேப்பா. அவ திரும்பி வரும்போது இது உசுரோட இல்லன்னா, நான் எந்த மூஞ்ச வெச்சிட்டு அவளப் பாப்பேன்?"

டாக்டரம்மா சின்ன வயசு. பூரிய தடவிப் பாத்தாங்க, தாடைய லேசா அமுக்கிப் பாத்தாங்க, எக்ஸ்ரே எடுத்தாங்க. பவுடர் குடுக்கறீங்களான்னாங்க. ஒரு வேள தப்பினதில்லன்னு நான் சொன்னேன். சத்தியமான வார்த்த அது.

"லைட்டு எத்தன மணிக்கு சார் போடுவீங்க?"

அண்ணன் நிமுந்து ஒக்காந்தாரு. "எந்த வாரத்துக்குக் கேக்கீங்க டாக்டர்?"

"வாரமா?"

"ஆமா. ஃபர்ஸ்ட் ஷிப்ட் வாரம்னா சாயந்தரம் வந்து போடுவேன், படுக்கும்போது அணைச்சிருவேன். செகண்ட் ஷிப்ட்னா காலைல போட்டு, மத்தியானம் கெளம்பும்போது அணைச்சிருவேன். நைட்டுன்னா நான் பகல்ல அந்த ரூம்லயே தூங்கணும்லா, ஜன்னலுக்குப் போர்வ கட்டியிருக்கும். முழிச்சப்புறம் போடுவேன்."

டாக்டரம்மா பேனாவ கீழ வெச்சிட்டாங்க. "அப்ப இதுவும் உங்க கூட ஷிப்ட் பாக்குதா சார்?"

"ஆமா டாக்டர்"ன்னாரு, பெருமையா.

அவங்களுக்கு சிரிப்பு வந்துடுச்சு. எனக்கும் வந்துடுச்சு. எங்களப் பாத்து அண்ணனும் சிரிச்சாரு. அப்புறம் அவங்க அந்த எக்ஸ்ரேவத் தூக்கிக் காட்டினாங்க. எலும்பு வெள்ளையா தெரியணும், இதுல பொகை மாதிரி இருந்துது. சிரிப்பு அத்தோட நின்னுச்சு.

"இதுக்கு ஒரே நேரத்துல விடியணும், ஒரே நேரத்துல இருட்டணும் சார். பகல் பூரா அந்த சூடு இருந்தாத்தான் சாப்பிட்டது செரிக்கும். அந்த ட்யூப் வெளிச்சம் ஒடம்புல பட்டாத்தான் கால்சியம் எலும்புல ஒட்டும். இல்லன்னா நீங்க குடுத்த பவுடரெல்லாம் வாய் வழியாப் போயி அப்படியே வெளிய வந்துடும்."

"ஜன்னல் வழியா நல்ல வெளிச்சம் வருதே டாக்டர்?"

"வெளிச்சம் வரும். அந்தச் சத்து வராது, கண்ணாடி தடுத்துடும்."

அண்ணன் வுடல. "ஆனா நாங்க யாரும் ரூம்ல இல்லாதப்ப எதுக்கு அது சும்மா எரியணும்?"

"அதான் இது உள்ள இருக்கே சார்?"ன்னாங்க டாக்டரம்மா.

பொழைக்குமான்னு நாந்தான் கேட்டேன். பொழைக்கலாம், உறுதியா சொல்ல முடியாது, மருந்த ஊத்துங்க, லைட்ட நிறுத்தாதீங்கன்னு சொல்லி அனுப்பினாங்க. பஸ்ல திரும்பறப்ப, வடலூர் தாண்டினதும் அண்ணன் சொன்னாரு. "ஷிப்ட்டு மாறினா எனக்கே நாலு நாளைக்குப் பசிக்காது தங்கச்சி. எந்த நேரத்துல தூங்குதோம், எந்த நேரத்துல முழிக்கோம்னு ஒண்ணும் புரியாது. அது தெரிஞ்ச நானே, வாயில்லாத ஜீவனப் போட்டு அந்தப் பாடு படுத்தியிருக்கேன் பாரு." கண்ணத் தொடச்சிகினாரு. எனக்கு அவரு மேல கோவமும் வந்துது, பாவமாவும் இருந்துது.

அன்னிலேர்ந்து ஆரம்பிச்சிது கூத்து. ஃபர்ஸ்ட் ஷிப்ட் வாரம் அவரு விடியறதுக்கு முன்ன கெளம்பிடுவாரு, அப்ப லைட்ட யாரு போடறது? ரெண்டு நாளு நான் போயி போட்டேன். மூணாம் நாளு எங்க வூட்ல தண்ணி வந்துடுச்சு, போவ லேட்டாயிடுச்சு. அரக்கப் பரக்க ஓடிப் போயி பாத்தா, அண்ணி வாசப்படிக்கு வெளியவே நின்னுகினு, கண்ண இறுக்கி மூடிகினு, நீட்டு ஒட்டடைக்குச்சியால சொவத்த டொக்கு டொக்குனு தட்டிகினு இருக்காங்க. சுவிட்ச்சு எங்கேயோ இருக்குது, குச்சி எங்கேயோ போவுது. "மேல அண்ணி... இன்னும் கொஞ்சம் சோத்தாங்கைப் பக்கம்..."ன்னு நான் வழி சொல்லி, கடசியில லைட்டு எரிஞ்சிது. ஒரு மைல் ஓடினவங்க மாதிரி மூச்சு வாங்கிகினு, "எரியுதா?"ன்னாங்க கண்ணத் தொறக்காமயே. அன்னிலேர்ந்து தெனமும் அவங்கதான். போவப் போவ குறி தப்பவே தப்பாது.

மைன்ஸ்ல டீ குடிக்க வுடற நேரம் எனக்கு போன் வரும். "தங்கச்சி, எரியுதாம்மா?"

"எரியுதுண்ணே."

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

"நல்லா எரியட்டும். யாராவது வந்து அணைச்சிரப் போறாங்க, பாத்துக்க."

யாரு யாரப் பாத்து சொல்றது பாருங்க! எங்க வூட்டுக்காரரு அதக் கேட்டுட்டு சோத்துத் தட்ட வெச்சிட்டு சிரிச்சாரு.

லைன் வேலைக்காக பகல்ல கரண்ட்டு நிறுத்தினா, இவரு லீவு சொல்லிடுவாரு. பூரியத் தூக்கிகினு தோட்டத்துல வேப்பமரத்து ஓரமா, வெயிலும் நெழலும் கலந்த எடமா பாத்து ஸ்டூல் போட்டு ஒக்காந்துக்குவாரு. தல மேல துண்டு, நெஞ்சு மேல ஓணான். சைக்கிள்ல ஸ்கூலுக்குப் போற பசங்கள்லாம் எறங்கி நின்னு பாத்துட்டுத்தான் போவும். "வெயில விட ஒஸ்தி ட்யூப் எவனும் செய்யலயாம்லே, டாக்டரம்மா சொன்னாங்க"ன்னு அதுங்களுக்கு வெளக்கம் வேற. வெயில் ஏற ஏற இவரு கறுத்தாரு. பூரி மட்டும் தேறற மாதிரி தெரியல. வாயோரமா மருந்த சொட்டு சொட்டா வுடுவோம், முழுங்கும், கண்ண மூடிக்கும். பொண்ணுகிட்ட சொல்லிடலாம்னு அவரு துடிச்சாரு. அண்ணிதான், "அங்கன தனியா கெடக்கா, அழுது சாவா. வரட்டும்"னு தடுத்துட்டாங்க. போன்ல பூரிய தூரமா நிறுத்தி காட்டிட்டு, சிக்னல் இல்லன்னு வெச்சிடுவாரு.

ஒருநாள் காலையில நான் தோசைக்கு ஊத்திகினு இருக்கேன், பக்கத்து வூட்ல ஒரே கூச்சல். "தின்னுட்டான்! தங்கச்சி, தின்னுட்டான்!" கரண்டியோட ஓடினேன். பூரி கட்டையில பாதி தூரம் ஏறியிருக்குது. அண்ணன் இன்னொரு புழுவ நீட்டினாரு. சடக்குனு நாக்க நீட்டி ஒரே இழுப்பு. மூணாவதுக்கு லேட்டு பண்ணாரு, அதுக்குக் கோவம் வந்து தாடைய நல்லா உப்பிக் காட்டுச்சு. எத்தன வாரமாச்சு அந்தக் கோவத்தப் பாத்து! சந்தோஷத்துல அவரு வாசப்படியில நின்ன அண்ணி கையப் புடிச்சிட்டாரு. புழு புடிச்ச கை. அண்ணி அலறின அலறல்ல நாலு வூட்டுக்காரங்க வந்துட்டாங்க. என் தோச கரிஞ்சே போச்சு, போனா போவுதுன்னு வுட்டுட்டேன்.

ஜெர்மனியில இருந்து பொண்ணு வந்துட்டா. ஆட்டோவுல இருந்து பெட்டியக் கூட எறக்கல, இவரு வாசல்லயே மறிச்சிகினு நின்னுட்டாரு. "உள்ள போவதுக்கு முன்ன நான் சொல்லுதத கேட்டுக்கட்டி"ன்னு ஆரம்பிச்சி, ஷிப்ட்டுல இருந்து எக்ஸ்ரே வரைக்கும் ஒண்ணு மறைக்காம சொல்லிட்டாரு. சட்டப் பட்டனயே பாத்துகினு சொன்னாரு.

"தினம் கேட்டேனேப்பா, லைட்டு போடறியா போடறியான்னு."

"கேட்ட. போடுதேன்னு சொன்னேன். போடத்தான் செஞ்சேன். அணைச்சத நீ கேக்கல, நானும் சொல்லல."

அவ நேரா உள்ள போனா. நாங்க பின்னாலயே போனோம். தரையில ஒக்காந்து தொட்டிக் கதவ நவுத்தி கைய நீட்டினா. பூரி கட்டையில இருந்து எறங்கி, அந்த ஒரு கால இழுத்துகினே வந்துது. காலு மட்டும் கடசி வரைக்கும் நேராவல. அவ வெரல நாக்கால தொட்டுப் பாத்துது. அப்புறம் அவளத் தாண்டி நடந்து போயி, அண்ணன் வேட்டியப் புடிச்சி, முட்டி மேல ஏறி, சட்டையில தொத்தி, தோள்ல போயி ஒக்காந்துகினு கண்ண மூடிகிச்சி.

"துரோகி"ன்னா பொண்ணு. கண்ணுல தண்ணி, வாயில சிரிப்பு.

"உன்னத் தெரியாம இல்லம்மா, கொஞ்சம் நாளாச்சுலா..." அண்ணன் பூரிய லேசா தடவினாரு. "நாளைக்கே கூட்டிட்டுப் போ. உன்னுதுதான."

"கூட்டிட்டுப் போகத்தாம்ப்பா வந்தேன்." அவங்க ரெண்டு பேரயும் மாத்தி மாத்திப் பாத்தா. "வேணாம். உன்கிட்டயே இருக்கட்டும்."

அவரு அழுதுட்டாரு. பூரி எழுந்துக்கும்னு தோள அசைக்காம அழுதாரு. நானும் முந்தானைய எடுத்துகினேன். மூக்க உறிஞ்சிட்டு அவரு சொன்னாரு, "அப்ப நீ பெங்களூரு போனதும் புது ட்யூப் ஒண்ணு வாங்கி அனுப்பும்மா."

"ஏம்ப்பா, இது எரியலியா?"

"எரியுது. நல்லாத்தான் எரியுது. ஆனா நாளாச்சுன்னா உள்ள சத்து போயிருமாம், நம்ம கண்ணுக்குத் தெரியாதாம். எரிஞ்சிட்டு இருந்தாலும் கழத்தித் தூக்கிப் போட்டுரணும்."

சமயக்கட்டுல டீ போட்டுகினு இருந்த அண்ணி வெளிய எட்டிப் பாத்தாங்க. "என்ன சொன்னீங்க?"

"எரிஞ்சிட்டு இருந்தாலும் தூக்கிப் போட்டுரணும்னேன்."

"எங்க, இன்னொரு தடவ சொல்லுங்க"ன்னாங்க அண்ணி, பூரி இருக்கிற ரூமுக்குள்ள ரெண்டடி எடுத்து வெச்சி.